கோட்டுக்கு எண்பது மீட்டர் முன்னால்

தம்பி,

உன் கல்யாணத்துக்கு இன்னும் இருபத்தாறு நாள் இருக்கிறது. பத்திரிகை பாதிதான் கொடுத்து முடித்திருக்கிறோம். உனக்கு எடுத்த பட்டுச் சட்டை தோளில் பிடிக்கிறது என்றாயே, அதை இன்னும் மாற்றவில்லை. சமையல்காரர் மூன்று நாளாகப் போனையே எடுக்கவில்லை. இந்த அமளியில், அச்சில் வரப்போகிற ஒரு கடிதத்தை உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தால் உன் அப்பா சும்மா விடுவாரா? "புள்ளைகிட்ட சொல்லணும்னா போன்ல சொல்லேன், ஊரே படிக்கணுமா?" என்று கேட்டுவிட்டார். ஊரே படிக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். நாற்பது பேர் முன்னால் சொன்ன பொய்யை வீட்டுக்குள் உட்கார்ந்து போனில் திருத்துவது நியாயமில்லை.

நம் கார் பந்தயச் சங்கத்துக்குப் பத்து வருஷம் ஆகிறது என்று மலர் போடுகிறார்கள். மெதுவான வண்டி வகுப்பில் இருப்பவர்களிலேயே வயதானவள் நான் என்பதால், 'இவ்வளவு மெதுவான வண்டியை வைத்துக்கொண்டு ரேஸ் ஓட்டுவதில் அப்படி என்ன இருக்கிறது?' என்று என்னை இரண்டு பக்கம் எழுதச் சொன்னார்கள். நானும் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டேன். ஜோக் கலந்து எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விடலாம் என்றுதான் இருந்தேன். போன ஞாயிற்றுக்கிழமை ரேவதி வந்தாள். அதற்குப் பிறகு அந்த இரண்டு பக்கத்தை வேறு யாருக்கும் எழுத முடியாது என்று ஆகிவிட்டது. உனக்குத்தான் எழுத வேண்டும். மற்றவர்கள் பக்கத்தில் நின்று படித்துக்கொள்ளட்டும்.

உன்னைக் கட்டிக்கொள்ளப் போகிறவள் கெட்டிக்காரி. ரவிக்கை அளவு கொடுக்க வந்தவள், காப்பியைக் குடித்துவிட்டு, டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு, நிதானமாகக் கேட்டாள். "அத்தை, அவரு ஏன் வண்டி ஓட்டறத விட்டாரு?" உனக்கு வேலைப் பளு என்று நான் சொன்னேன். நாலு வருஷமாக எல்லாரிடமும் சொல்வது அதுதானே. அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். பிறகு நீ அவளிடம் சொன்னதைச் சொன்னாள். "'எங்கம்மா எனக்காக ஆக்சிலரேட்டர்லேருந்து காலத் தூக்கிக் கோப்பையக் கையில கொடுத்தாங்க. கொடுத்ததக்கூட எனக்கு வாங்கிக்கத் தெரியல'ன்னு சொல்றாரு அத்தை." ஆபீஸில் பெரிய பொறுப்புக்கு உன் பெயரைச் சொன்னபோதும் நீ இதே கதையை நினைத்துக்கொண்டுதான் வேண்டாம் என்றாயாம். அவள் போன பிறகு நான் அடுப்படியில் நின்றுகொண்டே இருந்தேன். உன் அப்பா வந்து விளக்கைப் போட்டுவிட்டு, என்ன ஆச்சு என்றார். ஒன்றுமில்லை என்றேன். அதுவும் பொய்.

முதலில் மலர்க்காரர்கள் கேட்டதைச் சொல்லிவிடுகிறேன். அது தெரியாவிட்டால் நான் செய்தது என்ன என்று வெளியாளுக்கு விளங்காது. நம் ஊருக்கு மேற்கே ஒன்றரை மணி நேரத்தில் ஒரு பழைய விமான ஓடுதளம். வருஷத்துக்கு மூன்று ஞாயிறு அனுமதி. நேர்கோட்டில் கால் மைல், அதாவது நானூறு மீட்டர். பச்சை விளக்கு எரிந்ததும் இரண்டு வண்டிகள் கிளம்ப வேண்டும், கோட்டைத் தாண்ட வேண்டும், அவ்வளவுதான் ரேஸ். பெரிய வண்டிகள் ஓடும்போது கூட்டம் தடுப்புக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கும். காது அடைக்கும், டயர் புகையில் கண் எரியும். எங்கள் முறை வந்ததும் கூட்டம் டீ குடிக்கப் போய்விடும். மைக் பிடிக்கிறவரே எங்கள் வகுப்பு ஓடும்போதுதான் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிப்பார். ஆமை ரேஸ் என்று எங்கள் முகத்துக்கு நேராகவே சொல்வார்கள். நாங்களும் கோபித்துக்கொள்வதில்லை.

எங்கள் வகுப்பில் வண்டி கம்பெனியிலிருந்து எப்படி வந்ததோ அப்படியே இருக்க வேண்டும். ஒரு திருகாணியைக்கூட உசத்தியாக மாற்றக் கூடாது. ஸ்டெப்னியைக் கழற்றி வைக்கக் கூடாது. காசு இருக்கிறவர் காசைக் கொட்டி முன்னுக்குப் போக வழியே கிடையாது. ஒரு வண்டி இன்னொரு வண்டியைவிட மெதுவாகத்தான் இருக்கும் என்பதால், அதற்கும் ஒரு ஏற்பாடு உண்டு. அவரவர் வண்டி எத்தனை நொடியில் ஓடும் என்பதை அவரவரே வண்டியின் முன்கண்ணாடியில் வெள்ளை ஷூ பாலிஷால் எழுத வேண்டும். என்னுடையது இருபத்தொன்று புள்ளி ஆறு, உன்னுடையது பத்தொன்பது புள்ளி ஒன்பது என்றால், அந்த வித்தியாசத்துக்கு என்னை முன்னாலேயே கிளப்பி விடுவார்கள். நீ பின்னால் துரத்தி வர வேண்டும். இரண்டு பேரும் எழுதியபடி ஓடினால் ஒன்றாகவே கோட்டுக்கு வருவோம். முதலில் தாண்டியவருக்கு வெற்றி. ஆனால் கண்ணாடியில் எழுதியதைவிட வேகமாக ஓடிவிட்டால் தோல்வி. வேகமாகப் போனதற்குத் தோற்கடிக்கும் ரேஸ் இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். உன் அப்பாவுக்கு இதை இன்னும் புரியவைக்க முடியவில்லை. அவருக்குக் காரில் ஏறினாலே குமட்டும், அதனால் அவர் புரிந்துகொள்ள அவசரப்பட்டதும் இல்லை.

இதில் என்ன இருக்கிறது என்றால், நேரம் இருக்கிறது. பெரிய வண்டியில் பத்துப் பன்னிரண்டு நொடியில் எல்லாம் முடிந்துவிடும். ஓட்டுகிறவர் யோசிப்பதற்குள் எஞ்சின் முடிவு செய்துவிடும். எனக்கு இருபத்தொரு நொடி. அதற்குள் ஒரு மனுஷி எத்தனையோ நினைக்கலாம். ஒருமுறை மூன்றாவது கியரில் போய்க்கொண்டிருக்கும்போது அடுப்பில் பாலை வைத்துவிட்டு வந்துவிட்டோமோ என்று யோசித்திருக்கிறேன். என் வண்டிக்கு முப்பத்தேழு குதிரைத்திறன், அந்தக் குதிரைகளிலும் பாதிக்கு மூட்டு வலி. அதனால் எதையும் வீணடிக்க முடியாது. கியர் மாற்றும்போது கை கொஞ்சம் தயங்கினால் போயிற்று, டேங்கில் பெட்ரோல் கூடுதலாக இருந்தால் போயிற்று. காலை எட்டு மணி ஓட்டத்துக்கும் மதியம் வெயிலில் ஓடுவதற்கும் கால் நொடி வித்தியாசம். பெரிய வண்டியில் தப்பு செய்தால் எஞ்சின் மூடிமறைத்துவிடும். சின்ன வண்டியில் நீ செய்த தப்பு, நீ செய்த தப்பாகவே, ஓட்டம் முடிந்ததும் தருகிற நேரத் தாளில் அச்சாகி வரும். பந்தயம் முடிந்ததும் அதே வண்டியில் காய்கறி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வரலாம் என்பது தனிச் சௌகரியம்.

இருபத்திரண்டு வருஷம் டிரைவிங் ஸ்கூலில் பெண்களுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தவள் நான். கற்றுக்கொள்ள வருகிறவரின் முகத்தைப் பார்க்க மாட்டேன், காலைத்தான் பார்ப்பேன். கிளட்சை எப்படி விடுகிறாள் என்று பார்த்தால் போதும், அந்தப் பெண் வீட்டில் பயந்து வளர்ந்தவளா, பிடிவாதக்காரியா என்று சொல்லிவிடுவேன். தட்டாஞ்சாவடியில் எங்கள் ஸ்கூல் வண்டிகளைப் பார்த்துக்கொள்கிற மெக்கானிக் கோவிந்தன், உனக்குத்தான் தெரியுமே, அவன்தான் என்னை இதில் இழுத்துவிட்டான். ஸ்கூலில் கழித்துக்கட்டிய பழைய எண்ணூறு சிசி வண்டியை நான் வாங்கியிருந்தேன். பக்கத்து சீட்டில் இருந்த இன்னொரு கிளட்ச், பிரேக்கைக் கழற்றிக் கொடுக்கும்போது, "அக்கா, உங்க காலு இந்த வகுப்புக்குன்னே பொறந்தது" என்றான். முதல் தடவை போனபோது என் வண்டியின் உண்மையான நேரத்தை எழுத வெட்கப்பட்டு, இருபது என்று எழுதினேன். எதிரில் ஓடியவர் கோட்டைத் தாண்டி, திரும்பி, வண்டியை ஓரம்கட்டி இறங்கி நின்ற பிறகுதான் நான் போய்ச் சேர்ந்தேன். பெருமைக்காக ஒரு நம்பரை எழுதிவிட்டு அதை எட்டிப் பிடிக்க முடியாமல் மூச்சு வாங்குவது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத் தெரிந்தது. கல்யாணத்துக்கும் இது பொருந்தும், அதனால் சொல்கிறேன். ரேவதியிடம் நீ எப்படிப்பட்டவன் என்று சொல்லும்போது உள்ளதைச் சொல். கூட்டியும் சொல்லாதே, குறைத்தும் சொல்லாதே. நீ குறைத்துச் சொல்கிற ஆள். அது அடக்கம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். அந்தப் பழக்கத்தில் பாதி என்னால் வந்தது என்று இப்போது தெரிகிறது.

உழவர்கரைப் பெண்களில் பாதிப் பேருக்குக் கற்றுக்கொடுத்த நான் உனக்கு இரண்டு நாள்கூட முழுசாகக் கற்றுக்கொடுக்கவில்லை. ஊரார் வீட்டுப் பிள்ளை கிளட்சை விட்டு வண்டியைக் குலுக்கினால் பொறுமையாக இருப்பேன், நீ குலுக்கினால் எனக்குத் தலைக்கேறும். இரண்டாவது நாளே பிள்ளைச்சாவடி சாலையோரம் உன்மேல் கத்திவிட்டேன். நீ சாவியைப் பிடுங்கி என் மடியில் போட்டுவிட்டு, கடற்கரைப் பக்கமாக நடந்தே போய் பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தாய். பிறகு கோவிந்தனிடம் போய்க் கற்றுக்கொண்டாய். லைசென்ஸ் வாங்கி வந்து சாப்பாட்டு மேஜையில் என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தாய். அன்றைக்கு நான் உன்னை நன்றாக ஓட்டுகிறாய் என்று சொல்லியிருக்க வேண்டும். கோவிந்தன் சொல்லியிருந்தான். நான்தான் சொல்லவில்லை.

உன் சம்பாத்தியத்தில் ஆயிரம் சிசி வண்டி ஒன்று வாங்கி, நீயும் எங்கள் வகுப்பில் சேர்ந்த அந்த இரண்டு வருஷம்தான் என் வாழ்க்கையில் நான் சந்தோஷமாக இருந்த காலம். இதை யாரிடமும் சொன்னதில்லை. விடியும்போதே புளிசாதம் கட்டிக்கொண்டு இரண்டு வண்டிகளில் கிளம்புவோம். நீ முன்னால் போவாய், நான் பின்னால். மேடு வந்தால் நான் பின்தங்குவேன், நீ வேகத்தைக் குறைத்து எனக்காகக் காத்திருப்பாய். ஓடுதளத்துக்குப் போனதும் இரண்டு வண்டிகளையும் காலி செய்வோம். என் டிக்கியிலிருந்து என்னென்ன வரும் என்று ஒரு கூட்டமே வேடிக்கை பார்க்கும். ஒருமுறை இட்லி மாவுத் தூக்கு வந்தது. ஒவ்வொரு ஓட்டத்தையும் நீ நோட்டில் குறித்தாய். என்ன வெயில், டயரில் எவ்வளவு காற்று, எந்த இடத்தில் மூன்றாவது கியர் என்று எல்லாம் எழுதினாய். என் ஓட்டத்தையும் சேர்த்து எழுதினாய். உனக்கு அப்போது இருபத்தாறு வயது. அந்த வயதுப் பிள்ளைகள் அம்மாவோடு கோயிலுக்கு வருவதே அபூர்வம்.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். எனக்கு அது ஆறாவது வருஷம். அதுவரை ஒருமுறைகூட நான் கடைசிச் சுற்றுக்குப் போனதில்லை. நீ இரண்டாவது வருஷத்திலேயே வந்துவிட்டாய். கடைசிச் சுற்றில் நீயும் நானும். செய்தி பரவி, டீ குடிக்கப் போனவர்கள்கூடத் திரும்பி வந்தார்கள். மைக் பிடித்தவர் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு, தாயா பிள்ளையா என்று கத்திக்கொண்டிருந்தார். வண்டியில் ஏறுவதற்கு முன்னால் நீ என் பக்கம் வந்தாய். என் கண்ணாடியில் நம்பரைத் திருத்தமாக எழுதிக் கொடுத்துவிட்டு, பிரியமாகத்தான் சொன்னாய். "போதும்மா, இந்த வருஷத்தோட நிறுத்திக்க. அடுத்த வருஷம் நீ டைம் எழுதற எடத்துல நிழல்ல உக்காரு." உன் குரலில் அன்பைத் தவிர வேறொன்றும் இல்லை. ஆனால் எனக்குச் சுருக்கென்றது. வீட்டில் நான் அம்மா, ஸ்கூலில் டீச்சரம்மா, தெருவில் உன் அப்பாவின் சம்சாரம். அந்தக் கால் மைலில் மட்டும்தான் நான் யாருக்கும் ஒன்றுமில்லாமல் ஓட்டுகிற ஆளாக இருந்தேன். அதிலிருந்தும் என்னை நிழலுக்கு அனுப்புகிறாயே என்று எரிந்தது.

பச்சை விளக்கு எரிந்தது, நான் முதலில் கிளம்பினேன். இரண்டிலிருந்து மூன்றுக்கு மாற்றும்போது கை தடுமாறிவிட்டது. சின்னத் தடுமாற்றம்தான், ஆனால் எங்கள் வகுப்பில் அது போதும். பக்கக் கண்ணாடியில் உன் வண்டி பெரிதாகிக்கொண்டே வந்தது. நீ அற்புதமாக ஓட்டிக்கொண்டிருந்தாய். அவசரமே இல்லை. உன் வண்டியில் இன்னும் கொஞ்சம் வேகம் மிச்சம் இருந்தது எனக்குத் தெரியும், உன் நோட்டில் நானே பார்த்திருக்கிறேன். எழுதிய நேரத்தைத் தாண்டிவிடக் கூடாது என்பதற்காக அந்த மிச்சத்தை நீ அடக்கிக்கொண்டு வந்தாய். என்னைப் பார்த்து அளந்து, கோட்டில் என்னைவிட அரை பானட் நீளம் மட்டும் முன்னால் இருந்தால் போதும் என்று கணக்காக வந்தாய். இந்த வகுப்பில் அதைவிட நன்றாக ஓட்ட முடியாது. நான் தோற்கப் போகிறேன் என்று எனக்குச் சந்தேகமே இல்லாமல் தெரிந்தது. எனக்கும் அந்தக் கோட்டுக்கும் இடையே சுமார் எண்பது மீட்டர்.

அங்கே நான் காலை எடுத்தேன். பிரேக்கைத் தொடவில்லை. தொட்டால் பின்விளக்கு எரியும், நீ சுதாரித்துக்கொள்வாய். ஆக்சிலரேட்டரிலிருந்து மட்டும், மெல்ல, நீ கவனிக்காதபடி எடுத்தேன். நீ உன் வேகத்தை அளந்துகொண்டு வந்ததே என் வண்டியைப் பார்த்துத்தான். கோட்டருகே என்னை எட்டியதும் காலை லேசாக எடுப்பது உன் கணக்கு. நான் பின்வாங்கினால், உனக்கு அளவு தப்பும். நீ நினைத்ததைவிட முன்னதாக என்னைத் தாண்டுவாய், அடக்குவதற்குள் கோடு வந்துவிடும், எழுதிய நேரத்தைவிட வேகமாக ஓடியிருப்பாய். எங்கள் வகுப்பில் இது பழைய தந்திரம். ஆனால் அதற்கு எதிராளியின் காலைப் பற்றி நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். உன் காலைப் பற்றி என்னைவிட யாருக்குத் தெரியும்?

நீ என்னைத் தாண்டிக்கொண்டு போனாய். கூட்டம் உனக்காகக் கைதட்டியது. பிறகு தாள் வந்தது. நீ எழுதியது பத்தொன்பது புள்ளி ஒன்பது. ஓடியது பத்தொன்பது புள்ளி எட்டு ஏழு. நொடியில் நூற்றில் மூன்று பங்கு, அவ்வளவுதான். நான் ஜெயித்துவிட்டேன்.

இதுவரை நான் செய்தது தப்பே இல்லை, தம்பி. அது ரேஸ். அந்நிய மனுஷன் யாராவது பக்கத்தில் ஓடியிருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். தப்பு அதற்குப் பிறகு நடந்தது. என் எஞ்சின் சத்தம் தணிந்ததை ஓரத்தில் நின்றவர்கள் கேட்டிருந்தார்கள். இறங்கியதும் சூழ்ந்துகொண்டார்கள். "பையனுக்கு விட்டுக்கொடுத்தியாம்மா?" என்று ஒருவர் நெகிழ்ந்துபோய்க் கேட்டார். நான் ஒரு நொடி யோசித்தேன். இல்லை, ஜெயிக்க ஆசைப்பட்டுத் தந்திரம் செய்தேன் என்று பெற்ற பிள்ளையைக் காட்டிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "பெத்த மனசு, என்ன செய்யச் சொல்றீங்க?" என்று சொல்லிவிட்டேன். அதற்கு விழுந்த கைதட்டல் உனக்கு விழுந்ததைவிட அதிகம். அதோடு விட்டேனா? கோப்பையைக் கொடுத்தபோது அதைக் கொண்டுவந்து எல்லார் முன்னாலும் உன் கையில் திணித்து, இது உன்னுடையதுதான் என்றேன். பக்கத்தில் நின்ற ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். உன் முகம் அன்றைக்கு எப்படி இருந்தது என்று நான் பார்த்தேன். பார்த்தும் பேசாமல் இருந்தேன். 'அம்மா கொடுத்தாள், பையன்தான் அவசரப்பட்டுக் கெடுத்துக்கொண்டான்' என்று அவர்கள் பேசிக்கொண்டு போனது எனக்குக் கேட்டது. உனக்கும் கேட்டிருக்கும்.

ஒரே ஒருவரை என்னால் ஏமாற்ற முடியவில்லை. நேரம் குறிக்கிற மேஜையில் உட்கார்ந்திருப்பாரே, பிரெஞ்சுப் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர், சிப்பாய் என்ற பொருளில் நாம் எல்லாரும் சொல்தா என்றே கூப்பிடுகிறவர். நான் கையெழுத்துப் போடப் போனபோது என் தாளைத் திருப்பிக் காட்டினார். முன்பாதி ஓட்டம் எவ்வளவு வேகம், கடைசியில் எவ்வளவு வேகம் என்று அதில் இருந்தது. "கோட்டுக்கிட்ட வந்து எடுத்திருக்க. விட்டுக்கொடுக்கறவங்க கெளம்பறப்பவே விட்டுக்கொடுப்பாங்கம்மா" என்றார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். யாரிடமும் சொல்லாதீர்கள் என்று கேட்டுக்கொண்டேன். அவர் சொல்லவில்லை. நாலு வருஷமாக என்னைப் பார்க்கும்போதெல்லாம் வணக்கம் மட்டும் சொல்கிறார்.

அடுத்த மாதமே நீ வண்டியை விற்றாய். வேலைக்கு ஆபீஸ் பஸ் வருகிறது, வண்டி எதற்கு என்றாய். நான் நம்பினேன் என்று சொல்ல மாட்டேன், நம்புவது எனக்கு வசதியாக இருந்தது. தோற்ற வருத்தம், போகப்போகச் சரியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டேன். நீ சுமந்துகொண்டிருந்தது வேறு என்று எனக்கு ரேவதி சொல்லித்தான் தெரிந்தது. கையில் கொடுத்தாலும் பிடித்துக்கொள்ளத் தெரியாதவன் என்று உன்னை நீயே முடிவு கட்டிக்கொண்டு நாலு வருஷம் இருந்திருக்கிறாய். ஒரு பெரிய வேலையை வேண்டாம் என்றிருக்கிறாய். என் வாயிலிருந்து வந்த நாலைந்து வார்த்தை, தம்பி. அதைச் சொன்னபோது எனக்குக் கிடைத்த கைதட்டலுக்கு நீ இவ்வளவு விலை கொடுத்திருக்கிறாய். என்னை மன்னித்துவிடு.

அம்மா என்றால் விட்டுக்கொடுப்பாள் என்று எல்லாரும் தயாராக நம்பிக்கொண்டு இருக்கிறார்கள். அதனால்தான் என் பொய் அவ்வளவு சுலபமாக விலைபோயிற்று. இன்னும் சிலவற்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மீன் குழம்பு வைத்தால் உங்களுக்கெல்லாம் நடுத்துண்டைப் போட்டுவிட்டு நான் தலையை எடுத்துக்கொள்வதை நீ சின்ன வயதில் ஒரு கட்டுரையில் தியாகம் என்று எழுதியிருந்தாய். டீச்சர் பத்துக்கு ஒன்பது போட்டிருந்தார். எனக்கு மீன் தலைதான் உயிர். நடுத்துண்டு எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. உன்னைப் பார்த்துக்கொள்ளத்தான் டிரைவிங் ஸ்கூலில் மாலை நேர வேலையை விட்டேன் என்று உன் அத்தைமார்கள் சொல்வார்கள். மாலை நேரத்தில் போக்குவரத்து நெரிசல் எனக்கு ஆகாது, அதனால் விட்டேன். உண்மையாகவே நான் உனக்கு விட்டுக்கொடுத்தவையும் உண்டு. அவற்றை நான் சொல்லப் போவதில்லை. ஆனால் நீ எதற்காக நன்றியோடும் கூச்சத்தோடும் இருக்கிறாயோ, அதில் முக்கால்வாசி எனக்குப் பிடித்ததை நான் செய்ததுதான்.

ரேவதியிடமும் இதைப் பார்த்துக்கொள். அவள் உனக்காக ஒன்றை விட்டுக்கொடுத்தேன் என்று சொன்னால், நிஜமாகவா என்று உட்காரவைத்துக் கேள். நீ அவளுக்கு விட்டுக்கொடுத்தால் அதைச் சபையில் சொல்லாதே. சண்டை வந்தால் ஜெயிக்க ஆசைப்படுவதில் தப்பில்லை, ஆசைப்பட்டேன் என்று ஒத்துக்கொள். முப்பத்திரண்டு வருஷம் குடும்பம் நடத்திய பிறகு என்னிடம் சொல்வதற்கு இருப்பது இவ்வளவுதான்.

இதுவரை எழுதியதை நேற்று உன் அப்பாவிடம் படித்துக் காட்டினேன். அவர்தான் அந்த விட்டுக்கொடுத்த கதையைத் தெருத்தெருவாகச் சொல்லிப் பெருமைப்பட்டவர். முழுசாகக் கேட்டுவிட்டு, மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஜெயிச்சேன்னு சொல்லிட்டுப் போயிருக்கலாமே, நான் அதுக்கும் பெருமைப்பட்டிருப்பேனே" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் ஆபீஸ் அறிவிப்புப் பலகையில் எழுதுகிற மாதிரி, கடிதத்தில் ஒரு எழுத்தையும் மாற்றாதே, அப்படியே அனுப்பு என்று சொல்லிவிட்டு, சமையல்காரருக்குப் போன் போடப் போய்விட்டார்.

கல்யாணம் முடிந்து ஐந்தாவது வாரம் அடுத்த பந்தயம். உன் பெயரை நான் கொடுக்கவில்லை. கொடுத்தால் அதையும் நான் உனக்குத் தந்ததாக ஆகிவிடும். வண்டி வேண்டுமானால் நீயே தேடிக்கொள், வேண்டாமென்றால் வராதே. நான் வருவேன், நிழலில் உட்கார மாட்டேன். நீ எதிர் வரிசையில் வந்து நின்றால், பெற்ற பிள்ளை என்று பார்க்க மாட்டேன். எனக்குத் தெரிந்த தந்திரம் எல்லாவற்றையும் உன்மேல் பிரயோகம் செய்வேன். இனி உனக்கு அந்தத் தந்திரம் தெரியும் என்பதால் எனக்கு வேறு ஏதாவது கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

அன்றைக்கு நீ ஜெயித்தாய் என்று சொல்லி உன்னைத் தேற்ற மாட்டேன். நீ தோற்றாய். உன் அவசரத்தால் தோற்கவில்லை, யாரோ இரக்கப்பட்டுக் கொடுத்ததைத் தவறவிட்டும் தோற்கவில்லை. உன்னை ஜெயிக்க வேறு வழியே இல்லை என்று பயந்துபோன ஒருத்தி உன் பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தாள். என்னிடம் தோற்றாய், தம்பி.

அம்மா